ஐயாயிரம், செட்

ஜூலை 3, வியாழன்

அறிக்கையை எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒரே பக்கம், பதினோரு வரி.

பைலட் சங்கத்துக்காரர் ஒருவர், நடந்ததைச் சூட்டோடு சூடாக ஒரு நோட்டிலும் எழுதி வைக்கச் சொன்னார், பின்னால் உதவுமாம். என் மனைவி நித்திலா, வேலை பார்க்கும் மருத்துவமனையிலிருந்து கொண்டுவந்த டைரி ஒன்று சும்மா கிடந்தது. பக்கத்துக்குப் பக்கம் மூட்டுவலி மாத்திரை விளம்பரம். இன்றைய தேதிக்கு எனக்கு வலிக்காத இடம் மூட்டு ஒன்றுதான்.

நடந்தது இது. திங்கட்கிழமை காலை சென்னையிலிருந்து மேற்கே, ஒரு மலையோரத்து ஊருக்குப் போனோம். இடது இருக்கையில் கேப்டன் ஷெரின் தேவசகாயம். வலது இருக்கையில் கோ-பைலட்டாக நான். பின்னால் நூற்று ஐம்பத்திரண்டு பேர். விமானத்தில் ஆட்டோபைலட் பழுது. அது இல்லாமலும் பறக்க அனுமதி உண்டு, வழி முழுக்கக் கையால் ஓட்ட வேண்டும், அவ்வளவுதான். கேப்டன் ஓட்டினார். மேகத்துக்குள் இறங்கும்போது ஐயாயிரம் அடியில் நிற்க வேண்டிய நாங்கள் நிற்காமல் இறங்கிக்கொண்டே போனோம். நாலாயிரத்து நூறில், கீழே மலை, மேலே இழு என்று எச்சரிக்கைக் குரல் அலறியது. கேப்டன் இழுத்தார். தப்பித்தோம். பயணிகள் யாருக்கும் விஷயம் தெரியாது. இறங்கும்போது ஒருவர் காபி ஆறிப்போயிருந்தது என்று புகார் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

விசாரணை முடியும்வரை இரண்டு பேரும் பறக்கக் கூடாது.

அறிக்கையின் கடைசி இரண்டு வரிகளை இங்கே குறித்து வைக்கிறேன். ‘நிற்க வேண்டிய உயரத்தைப் பதியும் குமிழை யார் திருப்பியது என்று எனக்குத் திட்டமாக நினைவில்லை. கேப்டன் சில சமயம் தாமே குமிழைத் திருப்பும் வழக்கமுள்ளவர்.’

யாரையும் குற்றம் சொல்லவில்லை. நினைவில்லாததை நினைவில்லை என்றேன்.

ஜூலை 4, வெள்ளி

தண்ணீர் கேன் இரண்டு வாங்கினேன். துணி துவைத்தேன். பம்மலில் எங்கள் மாடிக்கு நேர் மேலேதான் விமானங்கள் இறங்கும். துணி காயப்போட்ட அரை மணி நேரத்தில் ஒன்பது போயின. எண்ணக் கூடாது என்று நினைத்தபடியே எண்ணினேன்.

கையால்தான் ஓட்டினார்கள் என்றால் எதைப் பார்த்து ஓட்டினார்கள், வெளியே மேகம்தானே என்று நித்திலா கேட்டாள். ஃப்ளைட் டைரக்டர் என்று ஒன்று இருக்கிறது. எங்கள் முன்னால் திரையில் வாடாமல்லி நிறத்தில் இரண்டு கோடுகள், கூட்டல் குறி மாதிரி. மூக்கை எவ்வளவு தூக்க வேண்டும், எந்தப் பக்கம் எவ்வளவு சாய வேண்டும் என்று கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு அந்தக் கோடுகளை நகர்த்தும். விமானத்தின் சின்னத்தை அந்தக் கூட்டல் குறியின் நடுவில் வைத்துக்கொண்டே இருந்தால் போதும். வேகம், உயரம், திசை என்று ஆறு இடத்தில் கண்ணை அலையவிட்டு மண்டை காய வேண்டியதில்லை. எல்லாவற்றையும் பிழிந்து ஒரே இடத்தில் கொடுத்துவிடும்.

அவளுக்குப் புரிகிற மாதிரி சொல்ல வேண்டுமே. காரை ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் ஒருவர் நின்று ‘வா, வா, ரைட்ல ஒடி’ என்பாரே, அப்படி என்றேன். அவர் சொல்கிறபடி ஒடித்தால் அழகாக நின்றுவிடும்.

“அந்த ஆளு யார் வீட்டு வாசல்ல நிறுத்தச் சொல்றாருன்னு யாரு பாக்கறது?” என்றாள்.

அதை முதலிலேயே அவரிடம் சொல்லி வைக்க வேண்டும். அதற்குத்தான் குமிழ். ஐயாயிரம் என்று திருப்பி வைத்தால் கோடுகள் ஐயாயிரத்தில் கொண்டுபோய் நிறுத்தும். மூவாயிரம் என்று வைத்தால் மூவாயிரத்தில். மலை இருக்கிறதா என்று அது கேட்காது.

“யாரு திருப்பி வெப்பாங்க?”

சாம்பார் தீய்கிற வாசனை வந்தது. நல்லவேளை.

ஜூலை 7, திங்கள்

விசாரணைக் குழு முன்னால் முதல் நாள். மூன்று பேர், மூன்று தண்ணீர் பாட்டில்.

விமானத்தின் கறுப்புப் பெட்டியிலிருந்து எடுத்த தாளை நீட்டினார்கள். கட்டுப்பாட்டு அறை ஐயாயிரம் என்றது. ரேடியோவில் அதைத் திருப்பிச் சொன்னது என் குரல், ஐயாயிரம் என்று சுத்தமாகச் சொல்லியிருக்கிறேன். கட்டுப்பாட்டு அறையின் டேப்பைக் குழுவில் போட்டுக் காட்டினார்கள், அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான். ஆனால் குமிழில் இருந்தது மூவாயிரம். கோடுகள் மூவாயிரத்துக்குப் போகும் வழியைக் காட்டின. கேப்டன் கூட்டல் குறியை இம்மி பிசகாமல் பிடித்துக்கொண்டு இறங்கினார். தாளில் அவருடைய பாதை ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி இருக்கிறது.

விதிப்படி, கையால் ஓட்டுகிறவர் குமிழைத் தொடக் கூடாது. அவர் கேட்க வேண்டும். பக்கத்தில் இருப்பவர் திருப்பிவிட்டு ‘செட்’ என்று சொல்ல வேண்டும். கேட்டவர் எண்ணைப் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். ஷெரின் மேடத்துக்கு அந்தப் பொறுமை கிடையாது. சட்டென்று அவரே கை நீட்டிவிடுவார். அதற்காக ஒருமுறை எச்சரிக்கைக் கடிதமும் வாங்கியிருக்கிறார். இது எல்லாருக்கும் தெரிந்த கதை, நான் கட்டியது அல்ல.

திருப்பியது யார் கை என்று எந்தப் பெட்டியும் பதியாது. காக்பிட்டில் பேசியதைப் பதியும் கருவி கடைசி இரண்டு மணி நேரத்தை மட்டும்தான் வைத்திருக்கும். இறங்கியபின் இன்ஜினியருக்காக இரண்டரை மணி நேரம் கரண்ட் ஓடவிட்டு உட்கார்ந்திருந்தோம். நாங்கள் பேசியதன் மேலேயே எங்கள் மௌனம் பதிவாகிவிட்டது.

மேடம் எதிர் நாற்காலியில் இருந்தார். இடது மணிக்கட்டில் அந்தப் பெரிய வாட்ச். எங்கே உட்கார்ந்தாலும் சுவர்க் கடிகாரத்தோடு அதை ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் அவருக்கு, இன்றும் பார்த்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

செப்டம்பரில் எனக்குக் கேப்டன் தேர்வு. வலது இருக்கையில் பதினோரு வருடம் ஆயிற்று.

ஜூலை 8, செவ்வாய்

மேடம் போன் செய்தார். குளித்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 9, புதன்

மறுபடி போன். மறுபடி குளியல்.

ஜூலை 11, வெள்ளி

இன்று ஒரு அற்ப விஷயத்துக்குச் சண்டை. காலையில் மோட்டார் போட்டிருந்தது. நித்திலா டூட்டிக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று, மோட்டாரை நிறுத்தியாயிற்றா என்று கேட்டாள். நிறுத்தியாயிற்று என்றேன். அரை மணி நேரம் கழித்துக் கீழ்வீட்டு அம்மா கதவைத் தட்டினார். டேங்க் நிரம்பி வழிந்து, அவர் காயப்போட்டிருந்த மிளகாய் எல்லாம் மிதக்கிறதாம். பார்த்தால் சுவிட்ச் போட்டது போட்டபடி இருக்கிறது.

அந்த அம்மா நித்திலாவுக்குப் போன் போட்டுவிட்டார். சாயங்காலம் வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள். நிறுத்தியதாகத்தான் நினைத்தேன் என்றேன்.

“நீங்க நெனைக்கவே இல்லங்க. கேட்ட உடனே வாய் பதில் சொல்லிருது, கை போறதே இல்ல. கல்யாணம் ஆன நாள்லேருந்து பாக்கறேன். கேஸ் மூடியாச்சா, மூடியாச்சு. கதவு சாத்தியாச்சா, சாத்தியாச்சு. அப்புறம் நான் ஒருதடவ போய்ப் பாப்பேன்.”

மிளகாய்க்காக இவ்வளவு பேச்சா என்று கத்திவிட்டேன்.  என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தத் திங்கட்கிழமை விமானத்தில் நடந்ததைப் பற்றி அவள் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ஜூலை 14, திங்கள்

சிமுலேட்டர் பயிற்சி. குழு உத்தரவு, எங்கள் இரண்டு பேருக்கும் தனித்தனியாக நான்கு நாள்.

எனக்கு வாய்த்த இன்ஸ்ட்ரக்டர் ஜோதிராம், என் பேட்ச்மேட். பயிற்சிப் பள்ளியில் என் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதியவன் இப்போது எனக்கு மார்க் போடப்போகிறான். காலம் அப்படி. “வாங்க மதிவாணன் சார்” என்று கும்பிட்டுவிட்டு, உள்ளே போனதும் “என்னடா இப்படி எளச்சிட்ட” என்றான்.

ஆட்டோபைலட் இல்லாமல், கோடுகளைப் பிடித்து ஓட்டச் சொன்னான். மழை கொடுத்தான், பக்கவாட்டுக் காற்று கொடுத்தான், ஒரு இன்ஜினை நிறுத்திப் பார்த்தான். கூட்டல் குறியை விட்டு நான் நகரவே இல்லை. சட்டையில் சுருக்கமில்லாமல் இஸ்திரி போடுகிற மாதிரி போய்க்கொண்டே இருந்தது. ஜோதிராம் நோட்டில் ‘மிக நன்று’ என்று எழுதினான். ரெண்டு வாரத்துக்குப் பிறகு இன்று வயிறாரச் சாப்பிட்டேன்.

ஜூலை 15, செவ்வாய்

பாதி வழியில் ஜோதிராம் கையை நீட்டி ஃப்ளைட் டைரக்டரை அணைத்தான். கோடுகள் மறைந்தன.

ஒன்றும் குறைந்துவிடவில்லை. வேகம் இருக்கிறது, உயரம் இருக்கிறது, திசை இருக்கிறது, ஓடுபாதைக்கு எவ்வளவு விலகியிருக்கிறோம் என்பதும் இருக்கிறது. எல்லாம் இருந்தும் எனக்குப் பார்க்கத் தெரியவில்லை. வேகத்தைப் பார்த்தால் உயரம் போயிற்று. உயரத்தைப் பிடித்தால் மூக்கு இடது பக்கம் போயிற்று. அதைத் திருப்பினால் சாய்ந்துகொண்டே போகிறது, எவ்வளவு சாய்த்தால் போதும் என்று கைக்குத் தெரியவில்லை. பின்னால் நின்று ‘வா, வா’ சொன்னவர் போய்விட்டார். இப்போது ஆறு பேர் ஆறு பக்கம் நின்று ஆளுக்கொரு எண்ணைச் சொல்கிறார்கள்.  ஓடுபாதைக்கு முந்நூறு மீட்டர் தள்ளி, ஒரு கம்ப்யூட்டர் வயலில் இறக்கினேன்.

இரண்டாம் முறையும் வயல்தான்.

மூன்றாம் முறை கோடுகளைப் போட்டுவிடச் சொல்லிக் கேட்டேன். கெஞ்சினேன் என்றே எழுதலாம், இதை யார் படிக்கப்போகிறார்கள். பதினோரு வருடம், எட்டாயிரத்துச் சொச்சம் மணி நேரம். நான் விமானம் ஓட்டியிருக்கிறேனா, கோலத்தின் மேல் கை வைத்து இழுத்திருக்கிறேனா என்று தெரியவில்லை. பயமாக இருக்கிறது.

ஜோதிராம் திட்டவில்லை. டீ வாங்கிக் கொடுத்தான். “முக்கால்வாசிப் பேரு இப்படித்தான்டா, ஒத்துக்க மாட்டாங்க” என்றான். அது ஆறுதலா என்று யோசித்துக்கொண்டே குடித்தேன்.

ஜூலை 16, புதன்

இன்று போனை எடுத்துவிட்டேன். எத்தனை முறைதான் குளிப்பது.

ஷெரின் மேடம் முதலில் என் சிமுலேட்டரைப் பற்றிக் கேட்டார். அவருக்குப் போன வாரமே முடிந்துவிட்டதாம், கோடு இல்லாமலே நன்றாக இறக்கினாராம். இறக்கியிருப்பார். அன்றைக்கு எச்சரிக்கை வந்த நொடியில் கோடுகள் கீழே போ என்று காட்டிக்கொண்டிருக்க, அவற்றை உதறிவிட்டு மேலே இழுத்தவர் அவர்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து கோடுகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“மதி, ஒண்ணு கேக்கட்டா? மறைக்காம சொல்லணும். அன்னைக்கு குமிழுக்கு நான் கைய நீட்டினேனா?”

எனக்கு நினைவில்லை என்றேன்.

“எனக்கும் ஒண்ணும் நெனவுல நிக்கல, கேட்டியா. அந்தக் கோட்டத் தவிர எதையும் பாக்கல. ஐயாயிரம்னு உன்கிட்ட கேட்டது மாதிரியும் இருக்கு, நானே திருப்பினது மாதிரியும் இருக்கு. உன் அறிக்கைய காட்டினாங்க. நீ பொய் எழுத மாட்ட. நான்தான் திருப்பியிருப்பேன் போல.”

இந்த இடத்தில் நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும்.  லைனில் இருக்கிறாயா என்று கேட்டார். இருக்கிறேன் என்றேன்.

ஜூலை 17, வியாழன்

கடைசி நாள். ஜோதிராம் இடது இருக்கையில் உட்கார்ந்து எனக்குத் துணையாகக் குமிழ் திருப்பினான். நான் ஓட்டினேன். கோடுகள் இருந்தன. நேற்று முன்தினம் பட்ட அவமானத்துக்கு இன்று அவற்றைக் கண்டதும் வீட்டு வாசலைப் பார்த்த மாதிரி இருந்தது.

இறங்கும்போது ஆறாயிரம் அடியில் நிற்க உத்தரவு. ஆறாயிரம் என்று கேட்டேன். “ஆறாயிரம், செட்” என்றான் ஜோதிராம். சரி என்றேன். கூட்டல் குறியைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன், மிக அழகாக. காற்று தள்ளியது, விடவில்லை. எவ்வளவு நேரம் போயிற்றோ, திடீரென்று திரை உறைந்து நின்றது. அவன் நிறுத்திவிட்டான்.

உயரத்தைப் பார்க்கச் சொன்னான். நாலாயிரத்து இருநூறு.

குமிழைப் பார்க்கச் சொன்னான். நாலாயிரம்.

செட் என்று சொன்னாயே என்று எகிறினேன்.

“சொன்னேன். வாயால சொன்னேன். நீ பாக்கலியேடா. சரின்னு சொன்னியே, எதப் பாத்து சொன்ன?”

இது பரீட்சையில்லை, ஏமாற்று வேலை என்று ஏதோ உளறினேன். அவன் சிரித்துவிட்டு, மன்னித்துக்கொள், இதை எல்லாரிடமும் செய்து பார்க்கிறேன், பத்துக்கு எட்டுப் பேர் விழுகிறார்கள் என்றான். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திவிட்டான். தேர்ச்சி என்றே போட்டிருக்கிறான்.

எழுதிவிடுகிறேன். அன்று மேடம் கை நீட்டவில்லை. இரண்டு கையும் அவருக்கு வேலையாக இருந்தது. ஐயாயிரம் என்று என்னிடம் கேட்டார், தெளிவாக. ரேடியோவில் கட்டுப்பாட்டு அறையின் அடுத்த ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார், நான் பதில் சொல்லிக்கொண்டே குமிழைத் திருப்பினேன். அந்த ஊருக்கு நூறு தடவை போயிருக்கிறேன், எப்போதும் அந்த இடத்தில் மூவாயிரம்தான் வரும். காற்று மாறி எதிர்ப்பக்கமாக மலை மேல் சுற்றி வந்த அன்றைக்குத்தான் ஐயாயிரம். கை பழக்கத்துக்கு மூவாயிரத்தில் நின்றது. வாய் ‘ஐயாயிரம், செட்’ என்றது. அவர் சரி என்றார்.

எச்சரிக்கை வந்து, அவர் மேலே இழுத்து, மூச்சு விட்டபின் நான் முதலில் பார்த்தது குமிழைத்தான். மூவாயிரம். அப்போதே தெரியும். இந்த நோட்டைத் தொடங்கும் முன்பே தெரியும்.

ஜூலை 18, வெள்ளி

குழுவுக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பிவிட்டேன். அனுப்புவதற்கு முன் நித்திலாவிடம் படித்துக் காட்டினேன். அவள் ஆச்சரியப்படவில்லை. “மோட்டார் அன்னைக்கே நெனச்சேன்” என்றாள். பிறகு தோசை வார்த்தாள். நாலு தோசை சாப்பிட்டேன். செப்டம்பர் போயிற்று, வேலையும் போகலாம். போகட்டும் என்று எழுதக் கை வருகிறது, மனம் வரவில்லை. ஆனால் தூக்கம் வருகிறது.

ஜூலை 21, திங்கள்

பதில் இல்லை. துணி துவைத்தேன். பன்னிரண்டு விமானம்.

ஜூலை 22, செவ்வாய்

குழுத் தலைவரே கூப்பிட்டு நாற்காலி காட்டினார். காபி வந்தது.

விசாரணை பதினேழாம் தேதியே முடிந்துவிட்டதாம். குமிழைத் தானே திருப்பியதாகவும், எண்ணைச் சரிபார்க்கவில்லை என்றும் கேப்டன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாராம். அவருடைய பழைய எச்சரிக்கைக் கடிதமும் அதற்குப் பொருந்துகிறதாம். கேப்டன் பதவி பறிப்பு, ஒரு வருடம் வலது இருக்கை. தோளில் நாலு கோடு மூன்றாகும்.

நான் எழுதியதுதான் உண்மை என்றேன். மூன்று முறை, மூன்று விதமாகச் சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். முதல் அறிக்கையில் நினைவில்லை என்று எழுதியவருக்கு மூன்றாம் வாரத்தில் எப்படி நினைவு வந்தது என்றார். அதற்கு என்னிடம் இருந்த ஒரே பதில், முதலில் எழுதியது பொய் என்பது. அதையும் சொன்னேன்.

அவர் எழுந்து வந்து என் தோளைத் தட்டினார். கூட வேலை செய்பவருக்காக இப்படி முன்வருகிற பண்பு இந்தக் காலத்தில் யாருக்கு இருக்கிறது என்றார். இதை உங்கள் கோப்பில் நல்லவிதமாகவே குறித்துக்கொள்கிறோம் என்றார். செப்டம்பர் தேர்வுக்கு வாழ்த்தும் சொன்னார்.

லிஃப்ட் வரவில்லை. ஐந்து மாடி நடந்து இறங்கினேன்.

ஜூலை 23, புதன்

மேடத்தின் போன். முதல் மணியிலேயே எடுத்தேன். எடுத்ததும் கோபம்.

“எதுக்கு மதி இப்படிச் செஞ்ச? என்னக் காப்பாத்தணும்னு நீ பொய் சொல்லி உன் வேலையக் கெடுத்துக்குவியா? கேப்டன் தேர்வ வெச்சுக்கிட்டு?”

பொய் இல்லை மேடம், திருப்பியது நான்தான் என்றேன். சத்தியம் செய்தேன். நீங்கள் ஐயாயிரம் என்று சொன்னதும் நான் செட் சொன்னதும் இன்னும் காதில் இருக்கிறது என்றேன்.

“நீ நல்ல பய. ஆனா எனக்கு இப்ப நல்லா ஞாபகம் வந்துட்டு, கேட்டியா. ராப்பகலா யோசிச்சு யோசிச்சு வந்துட்டு. நான்தான் கைய நீட்டினேன். என் வாட்ச் குமிழ்ல உரசின சத்தம்கூட நெனவிருக்கு.”

குமிழ் அவருக்கு வலது கைப்பக்கம். வலது கையால்தான் எட்ட முடியும்.

“மேடம், நீங்க வாட்ச இடது கையிலதான கட்டுவீங்க” என்றேன்.

 பின்னால் அவர் வீட்டு மிக்ஸி ஓடி நின்றது.

“அன்னைக்கு மாத்திக் கட்டியிருப்பேன்” என்றார்.

 நான் அழுவதைக் கேட்டுவிட்டு அவர்தான் எனக்குத் தேறுதல் சொன்னார். அறிக்கையில் அந்த இரண்டு வரியை எழுதி அவர் கையில் கொடுத்தேன், அவர் இம்மி பிசகாமல் அதைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

ஆகஸ்ட் 6, புதன்

முப்பத்தேழு நாளுக்குப் பிறகு இன்று பறந்தேன். காலை ஆறரை மணி விமானம். நித்திலா சட்டைக்குக் கஞ்சி போட்டு வைத்திருந்தாள். கிளம்பும்போது மோட்டாரை நிறுத்தியாயிற்றா என்று கேட்டாள். பதில் சொல்லாமல் போய் சுவிட்சைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து, நிறுத்தியாயிற்று என்றேன்.

கேப்டன் எனக்குப் புதியவர், கலகலப்பான மனிதர். புறப்பட்டதும் கொஞ்ச நேரம் கையாலேயே ஓட்டுகிறேன், கை துருப்பிடிக்கிறது என்றார். வாடாமல்லிக் கோடுகள் மேலே ஏறின, அவரும் ஏறினார். ஏழாயிரம் கேட்டார். குமிழைத் திருப்பினேன். எண்ணைப் பார்த்தேன். ஏழாயிரம், செட் என்றேன். சரி என்றார்.

அவர் கண் திரையை விட்டு அசையவில்லை. நான் குமிழ் எண்ணின் மேல் ஆள்காட்டி விரலை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தேன். என்ன என்று கேட்டார். ஒருதடவை பார்த்துவிட்டுச் சரி சொல்லுங்கள் சார் என்றேன்.

“கோடுதான் சரியாக் காட்டுதேப்பா” என்றார், திரும்பாமலே.

நான் விரலை எடுக்கவில்லை.